உப்பளமேட்டு இருமல்

உப்பளமேட்டு ஜனங்களின் இருமல் அவர்களை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை காலையில், கார்ப்பரேஷன் ஆட்கள் மருத்துவ முகாமுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். இன்னும் அரை நாள் பொறுத்திருந்தால் டாக்டர்களே வந்து கேட்டிருப்பார்கள். ஆனால் அது பொறுக்கவில்லை.

நகரத்தின் வடக்கு ஓரத்தில், கழிமுகத்துக்கும் சாயப்பவுடர் கம்பெனியின் மதிலுக்கும் நடுவில், பழைய உப்பளங்களைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடி வீடுகள்தான் உப்பளமேடு. அதற்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வந்துகொண்டிருந்தபோது கம்பெனியில் ஒரு டேங்க் வெடித்து, மஞ்சள் புகை மதிலேறிக் குதித்து, சந்து சந்தாக நுழைந்து, கொடியில் காய்ந்த துணியை மஞ்சளாக்கி, வேப்பமரத்தை ஒரே மாலையில் மொட்டையாக்கி, காக்கைகளைத் தரையில் போட்டுவிட்டுக் கடல் பக்கமாகப் போனது. போன பிறகு இருமல் வந்தது. ரேஷன் வரிசையில் இருமினார்கள், பஸ்ஸில் இருமினார்கள், தூங்கிக்கொண்டே இருமினார்கள், ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்டப் பெண் வீட்டார் இருமிக்கொண்டே வாங்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் இருமினால் அந்தப் பக்கம் பதில் வந்தது.

சி பிளாக்கின் மூன்றாவது மாடியில் கஸ்தூரி இருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். அவள் புருஷன் தாமோதரன் அதே சாயப்பவுடர் கம்பெனியில் காண்ட்ராக்டில் மூட்டை ஏற்றுகிறவன். அவர்கள் மகள் மிதுனா இரண்டாம் வகுப்பு. புகை வந்தபோது புத்தகப்பையோடு தெரு நடுவில் நின்றிருந்தாள் என்பதால் அவளுக்கு வந்தது உடம்புக்கு மீறிய இருமல். அது வரும்போதெல்லாம் பிள்ளை வில்லாக வளைந்து, கண் பிதுங்கி, அம்மாவின் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். கஸ்தூரி முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில், டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் போல, இருமல்கள் வீடு வீடாகக் கிளம்பின. கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது. கதவைத் தாண்டி, படியில் இறங்கி, கனைத்துக்கொண்டும் செருமிக்கொண்டும் கும்பலாகத் தெருவில் நடந்தன. குழாயடியில் நின்ற பெண்கள் அவை தடுக்கி விழாமல் போகட்டும் என்று குடங்களை ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். கட்டி முடித்தும் திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுக்காததால் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த சமுதாயக்கூடத்தின் சன்னல் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போய், அங்கேயே இருந்துகொண்டு இருமின.

உப்பளமேடு முழுக்க அமைதியானது. மிதுனா நிமிர்ந்து நின்று தண்ணீர் குடித்தாள். "போச்சும்மா" என்றாள். கஸ்தூரி வாசலில் கற்பூரம் ஏற்றினாள்.

மத்தியானம் டாக்டர்கள் வந்தார்கள். சி பிளாக் வரிசைக்கு உட்கார்ந்திருந்தவள் நளாயினி என்ற சின்ன வயசு டாக்டர்.

"இருமல் இருக்கா?"

"கீது டாக்டரம்மா" என்றாள் கஸ்தூரி.

"எங்க, ஒருதரம் இருமுங்க பாப்போம்."

"இப்ப எங்கிட்ட இல்ல. கூடத்துல கீது."

நளாயினி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்தவருக்கும் இல்லை, அதற்கடுத்தவருக்கும் இல்லை. எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லவும் அவள் எழுந்து கூடத்துக்குப் போய், பூட்டிய கதவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். கூட வந்திருந்த பெரிய சுகாதார அதிகாரியும் போய்க் கேட்டார். அவருக்கும் கேட்டது. அவர் இல்லையென்று சொல்லவில்லை.

"நோய் இருக்கு, ஒத்துக்கறேன். நோயாளி யாரு? நோயாளி இல்லாத நோயை நான் எந்தக் கணக்குல எழுதறது?" என்றார்.

ஒருவருக்கும் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டு, சாயங்காலமே பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் டிவியில் கம்பெனி மேனேஜர் சிரித்த முகத்தோடு, போய்ப் பாருங்கள், ஒருத்தர் இருமுகிறார்களா என்று கேட்டார்.

இருமலோடு வாழ்வது எப்படி என்று யோசித்த ஜனங்கள், இருமல் இல்லாமல் அதற்குப் பக்கத்தில் வாழ்வது எப்படி என்று யோசிக்க வேண்டியதாயிற்று. முதலில், என்ன இருந்தாலும் நம்மோடு இருந்ததுதானே என்று பெண்கள் நொச்சியும் துளசியும் போட்டு வெந்நீர் கொதிக்க வைத்து, சன்னலோரம் அண்டாவோடு வைத்து ஆவி காட்டினார்கள். அன்றைக்குக் கூடத்துக்குள் சத்தம் கொஞ்சம் இளகியது போலத் தோன்ற, பிளாக்குக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். யார் இருமல் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகள் சுவரில் காதை வைத்து, இது எங்கப்பா, இது ஏ பிளாக் டீச்சர், இது ரெட்டைப் பசங்க என்று விளையாடினார்கள். எங்கள் வீட்டு இருமல்தான் சத்தம், உங்களுடையது கேட்கவே இல்லை என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பேச்சை விட்டார்கள். கூடத்தை ஒட்டிய டி பிளாக்காரர்கள் தூக்கம் போகிறது என்று கவுன்சிலரிடம் மனு கொடுக்க, அவர் ஒலி அளக்கிற அதிகாரிகளை அனுப்பினார். அவர்கள் ஒரு கருவியைத் தூக்கிப் பிடித்து அளந்து, குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்டதைவிடச் சத்தம் அதிகம் என்று உப்பளமேட்டு ஜனங்கள் பேருக்கே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். புகை விட்டவனுக்கு நோட்டீஸ் இல்லை. அதைப் படித்துவிட்டுச் சிங்காரம் என்கிற ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

அப்போதுதான் ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். இருமல் இல்லை, ஆனால் உடம்பு தேறவில்லை. மாடிப்படித் திருப்பங்களில் யாரோ நாற்காலி போட்டார்கள். பாதிப் படி ஏறினவர்கள் அதில் உட்கார்ந்துவிட்டு ஏறினார்கள். கஸ்தூரிக்குத் தையல் மெஷினில் கால் நடுங்கியது. மிதுனா ஸ்கிப்பிங் கயிற்றைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் மீன்குழம்புச் சாப்பாடு முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பொண்டாட்டி பட்டுவிடம் தண்ணி கேட்டார். தண்ணி வந்தபோது அவர் இல்லை. ஒரு செருமல்கூட இல்லாமல் போயிருந்தார். எடுத்துக்கொண்டு போய் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய ஜனங்கள் கூடத்தைத் தாண்டும்போது உள்ளே சிங்காரத்தின் இருமல், பீடி பிடித்த பிறகு வருகிற அதே கட்டை இருமல், நிற்காமல் இருமிக்கொண்டிருந்தது. பட்டு சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், போதும்யா. நீ போயிட்டய்யா" என்றாள் உள்ளே பார்த்து. அது கேட்கவில்லை.

நளாயினி டாக்டர் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸேறி வந்தாள். கஸ்தூரி வீட்டில் தரையில் உட்கார்ந்து, மிதுனாவின் நீலம் பாய்ந்த நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருமல்தான் வியாதின்னு நெனச்சுட்டோம். அது வியாதி இல்லக்கா. உள்ள போன குப்பையை உடம்பு பெருக்கித் தள்றதுதான் இருமல். துடைப்பம் வெளிய போயிடுச்சு, குப்பை உள்ளயே கெடக்கு" என்றாள்.

"அப்ப திரும்ப வாங்கிக்கணுமா?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சதுல இல்ல. ஆனா வாங்கிக்கணும். முக்கியமா பிள்ளைங்க."

அன்றைக்குத் தாமோதரன் மூன்று மாடியும் ஏறி வந்து, பேச மூச்சு வருகிறவரை கதவில் சாய்ந்து நின்றான். டேங்க் வெடித்த அன்றைக்கு மூடின கம்பெனியைத் திறக்கப் போகிறார்களாம். கேட்டில் நெஞ்சைப் பரிசோதிப்பார்களாம். இருமுகிறவனுக்கு உள்ளே போக பாஸ் இல்லையாம்.

"நல்ல வேளை, நமக்குப் போச்சு" என்றான்.

"நான் போய் வாங்கிக்கினு வரப்போறேன்" என்றாள் கஸ்தூரி. "நீயும் வா. எல்லாரையும் கூப்ட்றேன். டேங்க் வெடிச்சதுக்கு அடுத்த வாரம் ஸ்கூல்ல கவர்மெண்டுக்காரன் விசாரணை வெச்சிக்கிறான் இல்ல, அங்க போய் அத்தினி பேரும் இருமணும். அப்பவாச்சும் ஆசுபத்திரி ஒண்ணு கட்டுவான், டேங்கை எடுப்பான்."

"எல்லாரும் இருமினா கம்பெனியை இழுத்து மூடிடுவான். அப்புறம் சோத்துக்கு இன்னாமே பண்ணுவ?"

"மூச்சே இல்லாம சோறு எங்கய்யா எறங்கும்?"

அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மிதுனாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு டிவி போட்டான்.

கஸ்தூரி வீடு வீடாகப் போனாள். படி ஏறுவதும், நாற்காலியில் உட்காருவதும், மறுபடி ஏறுவதுமாகப் போனாள். போன பீடையை யாராவது கூப்பிடுவார்களா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். என் மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இருமுகிறோம் என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். சிலர் நீ சொல்வது ரொம்ப சரி என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டு வராமலே இருந்தார்கள். கஸ்தூரிக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் ஆபீஸ் இல்லை.

விசாரணை அன்று காலையில் பட்டு ஒரு கருங்கல்லை எடுத்துக் கூடத்தின் பூட்டை உடைத்தாள். பாதி உப்பளமேடு உள்ளே போனது. இருட்டு. வெக்கை. சுவரோரமும் மேடையிலும் தூண் மறைவிலும் நின்று இருமல்கள் இருமின, ஆட்கள் நுழைந்ததும் கொஞ்சம் தணிந்து, காத்திருப்பது போல் இருந்தன. பால்வாடியில் பிள்ளையை அழைக்கப் போன தாய் அத்தனை அழுகைக்கு நடுவிலும் தன் பிள்ளையின் அழுகையைத் தேடிப் போவதைப் போல அவரவர் தங்கள் இருமலைத் தேடிப் போய், முன்னால் நின்று, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்கள். இழுத்தவர்கள் மடங்கி விழுந்து இருமினார்கள். சிலர் பாதியில் பயந்து ஓடிப் போனார்கள்.

பட்டு தன்னுடையதை வாங்கிக்கொண்டாள். பிறகு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "வா, உனக்கு வேற யாரு இருக்கா" என்று சொல்லி, புருஷனுடையதையும் இழுத்துக்கொண்டாள். அப்படிச் செய்யலாம் என்று அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

கஸ்தூரி தன்னுடையதை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபோது மிதுனா அவள் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள். "மா, அதோ, ஸ்விட்சு கீழ! அதான் என்னுது" என்றாள், கூடப் படிக்கிற பிள்ளையைச் சந்தையில் பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு. சுவரோரத்தில், இடுப்புயரத்தில், அந்த இருமல் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது கஸ்தூரிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பிள்ளை வில்லாக வளைந்ததும், கண் பிதுங்கியதும், விரல்கள் புடவையைச் சுருட்டியதும் அதைவிட நன்றாக ஞாபகம் இருந்தன.

"நீ வெளிய நில்லு" என்று அவளை அனுப்பிவிட்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து, அதைத் தானே இழுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஹாலில் விசாரணைக் குழுத் தலைவர் முன்னால் உப்பளமேடு இருமியது. மைக் பிடித்தவர் இருமினார், பிடிக்காதவர்களும் இருமினார்கள். தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். கஸ்தூரியின் முறை வந்தபோது முதலில் அவளுடைய இருமல் வந்தது. பிறகு, வளர்ந்த பொம்பிளையின் வாயிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் மெல்லிசான, உடைகிற இருமல் வந்தது. ஹால் சட்டென்று அடங்கியது. தலைவர் மேஜைக்கடியில்கூடக் குனிந்து தேடினார்.

"குழந்தை எங்கம்மா?"

"க்ளாஸ்ல கீது சார். இருமல் மட்டும் எங்கிட்ட கீது."

"அப்ப குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான இருக்கு?"

கம்பெனி வக்கீல் அதை ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொன்னார். கஸ்தூரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மறுபடி இருமல்தான் வந்தது, ஹாலும் கூடச் சேர்ந்து இருமியது. யார் பேசுவதும் காதில் விழாததால் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று தலைவர் எழுந்துவிட்டார். அடுத்தது எப்போது என்று சொல்லவில்லை. ஜனங்கள் குழுவின் கார்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனாலும் ஒன்று நடந்தது. இப்போது நோய்க்கு நோயாளிகள் இருந்தார்கள். பெரிய அதிகாரிக்கு மறுக்க வழியில்லை. நளாயினி வாரத்தில் சில நாட்கள் வந்து, பூட்டு உடைந்த கூடத்திலேயே மேஜை போட்டு, ஆவி பிடிக்கிற மெஷின் வைத்து உட்கார்ந்தாள். மூலையில் வாங்குவாரில்லாத இருமல்கள் இருமிக்கொண்டிருக்க, வாங்கிக்கொண்டவர்கள் மேஜைக்கு முன்னால் இருமி, தட்டுத் தட்டாகத் துப்பினார்கள். கம்பெனி மூட்டையில் ஒட்டியிருக்கிற அதே மஞ்சள். துப்பத் துப்ப மூச்சு இறங்கியது. படித் திருப்பங்களில் சில நாற்காலிகள் காலியாகின. பட்டு மட்டும் சிங்காரத்தின் இருமலை எவ்வளவு இருமியும் ஒன்றும் வெளியே வரவில்லை. அவருடைய குப்பை அவரோடு போயிருந்தது. பரவாயில்லை, இருக்கட்டும் என்று அதை வைத்துக்கொண்டாள்.

கம்பெனி திறந்தது. தாமோதரன் கேட்டில் நெஞ்சைக் காட்டிவிட்டு உள்ளே போனான். ஒரு நாள் மிதுனா பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரின் தோளில் சாய்ந்தபடி வீட்டுக்கு வந்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

கூடத்தில் நளாயினி அவள் நெஞ்சை நெடுநேரம் கேட்டாள். "ஒரு சத்தமும் இல்ல. இவ இருமல் எங்கக்கா? மூலையில இருக்கா?"

"எங்கிட்ட கீது."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் போட்டாள். "ஏன்க்கா? அவ்ளோ சொன்னேனே! உங்ககிட்ட அது என்ன பண்ணும்? வெறும் சத்தம் போடும். அவளுக்கு அது உசுரு!"

"நீ பாத்திருந்தா நீயும் வாங்கியிருப்ப" என்று கஸ்தூரி கத்தினாள். கத்தியதும் சின்னப் பெண்ணின் இருமல் வந்தது. மிதுனா அம்மாவின் வாயையே பார்த்தாள்.

"மா, அது என்னுது. குடு."

கொடுக்கத்தான் பார்த்தாள். கூடத்து மூலையில் நின்று, அதே ஸ்விட்சுக்குக் கீழே முட்டிபோட்டு, இருமி இருமி அதை வெளியே வைத்துவிட்டு வரப் பார்த்தாள். அது வரவில்லை. இடம் பிடித்துக்கொண்டுவிட்டது. வெந்நீர் குடித்தாள், விரலை விட்டுக் குமட்டினாள், மாதா கோயிலுக்கும் அங்காளம்மன் கோயிலுக்கும் போய்க் கேட்டாள். நளாயினி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே போனால், பிள்ளைக்கு இருமல் இல்லையே, இருமலோடு கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். இதற்கு நடுவில், தன் சளி பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று வேறு முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பிள்ளையை எட்டியே படுக்க வைத்தாள். எதற்குப் பயப்படுவது, எதை வேண்டுவது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் கஸ்தூரி அசந்து தூங்கிவிட்டாள். மிதுனா பாயை இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்துத் துணியை அவிழ்த்து, மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மா தூக்கத்தில் இருமினாள். மகள் நகரவில்லை. வீட்டில் ஒருவருக்கு இருமல் இருந்தால் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உப்பளமேட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மருந்தென்று யாரும் யோசிக்கவில்லை.

கஸ்தூரி விழித்தது அந்த இருமலைக் கேட்டுத்தான். தன் வாயிலிருந்து வரவில்லை. மிதுனா சுவரைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, கண் பிதுங்க இருமினாள். தரையில் கொஞ்சம் மஞ்சள் விழுந்தது. கஸ்தூரி அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையை வாய் கொப்பளிக்க வைத்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கம்பெனிக்குப் போன் பண்ணியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் புறப்படும்போது தாமோதரன் யூனிபாரத்தோடு ஓடி வந்து ஏறினான். அந்தச் சின்ன ஓட்டத்துக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான். அவனுடையது இன்னும் கூடத்து மூலையில்தான் இருந்தது. சீட்டில் உட்கார்ந்து மிதுனாவை மடியில் வாங்கிக்கொண்டான்.

மிதுனா இருமினாள். முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். இன்னொருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பஸ்ஸுல இத்தினி பேர் இருக்கோம்ல, பிள்ளையை அடக்கும்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கஸ்தூரி யாரையும் பார்க்கவில்லை. சன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். ஒரு கையைப் பிள்ளையின் நெஞ்சிலும் ஒரு கையை முதுகிலும் வைத்துத் தாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இருமு கண்ணு. அடக்காத. நல்லா சத்தமா இருமு."